தலைப்பு எண் மாறினாலும் உடையாத இணைப்பு: எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

நூற்றைம்பது பக்க ஆவணம் ஒன்றில் "பிரிவு 4.2-ஐப் பார்க்கவும்" என்று ஒரு வரி இருக்கிறது. சொடுக்கினால் அந்தப் பிரிவுக்குத் தாவுகிறது. பிறகு யாரோ ஒருவர் முன்னால் புதிதாக ஓர் அத்தியாயத்தைச் சேர்க்கிறார். பழைய 4.2 இப்போது 5.2 ஆகிவிட்டது. பொருளடக்கத்தைப் புதுப்பித்ததும் அது சரியாகிவிடுகிறது. ஆனால் அந்த வரி?

மூன்றில் ஒன்று நடக்கலாம். சொடுக்கினால் எங்கும் போகாமல் இருக்கலாம். சரியான இடத்துக்குப் போகலாம், ஆனால் எழுத்தில் 4.2 என்றே நிற்கலாம். அல்லது இப்போது 4.2 என்ற எண்ணைத் தாங்கியிருக்கும், சம்பந்தமே இல்லாத வேறொரு பிரிவுக்குப் போகலாம். மூன்றாவதுதான் மிக மோசமானது. படிப்பவருக்குத் தவறு நடந்ததே தெரியாது. ஓர் இயந்திரத்தின் பராமரிப்புக் கையேட்டிலோ ஒப்பந்தத்திலோ இது நடந்தால், அவர் தவறான விதியைப் படித்துவிட்டுச் சரியானதைப் படித்ததாக நம்பி வேலையைத் தொடங்குவார்.

அதனால் வேர்டு, ரைட்டர், கூகுள் டாக்ஸ் போன்ற எழுத்து மென்பொருளில் இப்படி இணைப்பு வைக்கும் வழிகளை ஒப்பிடும்போது எது சுலபம், எது வேகம் என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். முதலில் கேட்க வேண்டியவை இரண்டு. இணைப்பு தன் இலக்கை எதை வைத்து அடையாளம் காண்கிறது? உடைந்தால் கண்ணில் படும்படி உடைகிறதா, சத்தமில்லாமல் உடைகிறதா? வரிசையில் மூன்றாவதாக நிற்பவரைக் கூப்பிடுவதற்கும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் முதல் கேள்வி. வரிசை மாறும், பெயர் மாறாது.

எண்ணைக் கையால் தட்டுவது

இதை ஒரு வழி என்றே சொல்லக்கூடாது. ஆனால் மிக அதிகமாகப் புழங்குவது இதுதான் என்பதால் சொல்லிவிட்டுப் போகிறேன். தலைப்பின் எண்ணையே கையால் தட்டியிருந்தால் கீழே சொல்லப்போகும் பல வசதிகள் வேலை செய்யாது. தலைப்புகளுக்கு ஹெடிங் ஸ்டைல் (இது தலைப்பு என்று மென்பொருளுக்குச் சொல்லும் வடிவமைப்பு) கொடுத்திருக்க வேண்டும். எண்ணும் அந்த ஸ்டைலோடு பிணைந்த பலநிலை எண்வரிசையிலிருந்து தானாக வர வேண்டும். அப்போதுதான் "இந்தத் தலைப்பின் எண் என்ன?" என்று மென்பொருளிடம் கேட்டால் அதனால் பதில் சொல்ல முடியும். இது இல்லாத ஆவணத்தில் முதல் வேலை இணைப்பு அல்ல, தலைப்புகளை ஒழுங்குபடுத்துவது.

தலைப்புக்கே நேரடியாக ஹைப்பர்லிங்க்

பெரும்பாலோர் எடுப்பது இந்த வழியைத்தான். சொற்களைத் தேர்ந்தெடுத்து, இணைப்புப் பெட்டியைத் திறந்து, தலைப்புகளின் பட்டியலில் ஒன்றைச் சொடுக்கினால் முடிந்தது. வெளியே பார்க்க எல்லா மென்பொருளிலும் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே நடப்பது ஒன்றுக்கொன்று வேறு. இந்த வேறுபாடு தெரியாததால்தான் "எனக்கு எப்போதும் உடைகிறது" என்று ஒருவரும் "எனக்கு உடைந்ததே இல்லை" என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். இருவர் சொல்வதும் உண்மையே.

லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில், ஆவணத்துக்குள் இருக்கும் தலைப்பை இலக்காக வைத்தாலும், தலைப்புகளைப் பட்டியலிட்டுக் காட்டும் நேவிகேட்டர் பலகத்திலிருந்து தலைப்பை இழுத்து ஹைப்பர்லிங்க்காகப் போட்டாலும், இணைப்பின் முகவரியில் எழுதப்படுவது அந்த நேரத்தில் தலைப்புக்கு இருந்த எண்ணும் தலைப்பின் சொற்களும். கடைசியில் அது ஒரு தலைப்பு என்பதைக் காட்டும் ஓர் அடையாளம் ஒட்டியிருக்கும். அவ்வளவுதான். தலைப்போடு நிரந்தரமாகப் பிணைந்த பெயர் எதுவும் அந்த முகவரியில் இல்லை. சொடுக்கும்போது ரைட்டர் அந்த எண்ணையும் சொற்களையும் கொண்டு தேடுகிறது.

இரண்டும் பொருந்தினால் பிரச்சினை இல்லை. எண் மட்டும் மாறி, சொற்கள் அப்படியே இருந்தால், சொற்களை வைத்துப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். இதனால்தான் பலர் பல மாதம் இந்த வழியை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சிக்கல் வருவது இரண்டு இடங்களில். ஒன்று, எண்ணும் மாறி, தலைப்பின் சொற்களையும் திருத்தியிருந்தால். "நிறுவுதல்" என்பதை "நிறுவும் முறை" என்று யாரோ செம்மைப்படுத்திவிட்டால், ரைட்டருக்கு மிஞ்சுவது பழைய எண் மட்டுமே. அந்த எண்ணில் இப்போது வேறு தலைப்பு உட்கார்ந்திருந்தால் அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். இரண்டு, ஒரே சொற்களைக் கொண்ட தலைப்புகள் பல இருந்தால். ஒவ்வோர் அத்தியாயத்திலும் "சுருக்கம்", "பயிற்சிகள்", "எச்சரிக்கைகள்" என்று துணைத்தலைப்பு வைப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் எண் நகர்ந்த பிறகு எந்த "எச்சரிக்கைகள்" என்று தீர்மானிக்க ரைட்டரிடம் எந்த ஆதாரமும் இல்லை. கிடைத்த ஒன்றுக்குத் தாவும். எந்தப் பிழைச்செய்தியும் வராது.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் இதே செயலைச் செய்தால், வேர்டு அந்தத் தலைப்பில் ஒரு மறைவான புக்மார்க்கை (ஆவணத்தின் ஓரிடத்துக்குப் பெயர் சூட்டும் அடையாளத்தை) வைத்து, இணைப்பை அதற்குக் கொடுக்கிறது. அந்தப் புக்மார்க்கின் பெயர் அடிக்கோட்டில் தொடங்கும். தலைப்பின் சொற்களிலிருந்து உருவாகியிருக்கும். பிறகு தலைப்பைத் திருத்தினாலும் புக்மார்க்கின் பெயர் மாறுவதில்லை, அது தலைப்போடு சேர்ந்தே நகரும். எண் மாறினாலும் கவலையில்லை. இந்த ஒரு விஷயத்தில் வேர்டின் வடிவமைப்பு தெளிவாக மேல். கூகுள் டாக்ஸும் இதைப் போலத்தான்: ஒவ்வொரு தலைப்புக்கும் தன் உள்ளே ஓர் அடையாளக் குறியை வைத்திருக்கிறது, எண்ணையும் சொற்களையும் பார்ப்பதில்லை. அங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்து ஒட்டிய இணைப்பில் ஆவணத்தின் அடையாளமும் சேர்ந்திருக்கும். ஆவணத்தைப் பிரதி எடுத்தால், பிரதியில் இருக்கும் அந்த இணைப்பு பழைய ஆவணத்துக்கே போகும்.

ஆனால் மூன்று மென்பொருளிலும் பொதுவான குறை ஒன்று உண்டு. இணைப்பின் மேல் தெரியும் எழுத்து வெறும் எழுத்துதான். "4.2" என்று தட்டியிருந்தால் 4.2 என்றே நிற்கும். சரியான இடத்துக்குத் தாவினாலும் அச்சிட்ட பிரதியில் அது பொய் சொல்லும். எண்ணைக் காட்டாமல் "நிறுவும் முறையைப் பற்றிய பகுதியில்" என்று எழுதினால் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. எண்ணைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இந்த வழி போதாது.

நாமே பெயர் வைக்கும் புக்மார்க்

தலைப்பில் கர்சரை வைத்து, இன்செர்ட் மெனுவில் புக்மார்க் என்பதைத் தேர்ந்து ஒரு பெயர் கொடுத்துவிட்டு, ஹைப்பர்லிங்க்கை அந்தப் பெயருக்குக் கொடுப்பது அடுத்த வழி. கூடுதலாக ஓர் அரை நிமிட வேலை. அதற்குப் பதிலாகக் கிடைப்பது பெரிது: இலக்குக்கு நாம் வைத்த பெயர், நம் கட்டுப்பாட்டில். எண் மாறலாம், சொற்கள் மாறலாம், பிரிவு மொத்தமும் வேறு அத்தியாயத்துக்குப் போகலாம். இணைப்பு நிற்கும்.

பெயர் வைப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். பெயருக்குள் எண்ணைக் கொண்டுவராதீர்கள். "பிரிவு42" என்று பெயர் வைத்தால் இணைப்பு உடையாது, ஆனால் ஆறு மாதம் கழித்து ஆவணத்தைக் கையில் எடுப்பவர் குழம்பிப்போவார். உள்ளடக்கத்தைச் சொல்லும் பெயரே சரி. வேர்டில் புக்மார்க் பெயர் 40 எழுத்துகளுக்கு மேல் போகக்கூடாது, எழுத்தில் தொடங்க வேண்டும், இடைவெளி கூடாது, அடிக்கோடு வைத்துக்கொள்ளலாம். ஆவணம் பல மென்பொருளுக்குள் போய்வரும் என்றால் பெயரை ரோமன் எழுத்தில் சுருக்கமாக வைப்பது பாதுகாப்பு.

புக்மார்க்குக்கு இன்னொரு பலமும் உண்டு. ரைட்டரின் ஓப்பன் டாக்குமென்ட், வேர்டின் ஆஃபிஸ் ஓப்பன் எக்ஸ்எம்எல் ஆகிய இரண்டு கோப்பு வடிவங்களும் புக்மார்க் என்ற பொருளைத் தங்கள் இலக்கணத்திலேயே வைத்திருக்கின்றன. ஆகவே ஒருவர் ரைட்டரிலும் மற்றவர் வேர்டிலும் மாறி மாறித் திருத்தும் கோப்பில், எல்லா வழிகளிலும் இதுவே அதிகம் நிலைத்து நிற்பது.

குறை என்ன? ஹைப்பர்லிங்க்கின் மேல் தெரியும் எண் இங்கும் தானாக மாறாது. இரண்டாவது, தலைப்பை முழுவதுமாக அழித்துவிட்டு மறுபடி தட்டினால் புக்மார்க்கும் சேர்ந்து போய்விடும். நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் வேர்டில் புக்மார்க் மூலத்தோடுதான் தங்கும். வெட்டி ஒட்டினால்தான் கூடவே வரும். ஒரு பிரிவை நகலெடுத்து ஒட்டிவிட்டு, பிறகு பழையதை அழிக்கும் பழக்கம் உள்ளவர்கள் தங்களை அறியாமல் இணைப்புகளைக் கொன்றுவிடுகிறார்கள். ஹைப்பர்லிங்க் என்பதால் சொடுக்கிப் பார்க்கும்வரை வெளியே தெரியவும் செய்யாது.

கிராஸ் ரெஃபரன்ஸ்

என் தேர்வு பெரும்பாலும் இதுதான். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கிராஸ் ரெஃபரன்ஸ் என்பது எழுத்து அல்ல, ஒரு ஃபீல்டு. "அந்தத் தலைப்பின் எண் இப்போது என்னவோ அதை இங்கே காட்டு" என்ற கட்டளை. வேர்டில் தலைப்பைத் தேர்ந்தெடுத்ததும் அது எண்களாலான பெயரோடு ஒரு மறைவான புக்மார்க்கைத் தலைப்பைச் சுற்றி வைக்கிறது. ஃபீல்டு அதைச் சுட்டுகிறது. ரைட்டரும் தலைப்பில் இப்படி ஒரு மறைவான புக்மார்க்கை வைத்துத்தான் வேலை செய்கிறது. அதாவது நேரடி ஹைப்பர்லிங்க்கில் எண்ணையும் சொற்களையும் நம்பிய அதே ரைட்டர், கிராஸ் ரெஃபரன்ஸில் நிலையான பெயரை நம்புகிறது. ஒரே மென்பொருளில் இரண்டு பட்டன்கள், இரண்டு வேறு உறுதிகள். ரைட்டர் பயன்படுத்துபவர்கள் இதை அறிந்துகொண்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கிராஸ் ரெஃபரன்ஸ் எதைக் காட்ட வேண்டும் என்பதையும் நாமே சொல்லலாம். எண் மட்டும், தலைப்பின் சொற்கள், பக்க எண், மேலே அல்லது கீழே என்ற குறிப்பு. "பிரிவு" என்ற சொல்லை மட்டும் கையால் தட்டிவிட்டு எண்ணை ஃபீல்டாகப் போடலாம். பக்கத்தில் இன்னொரு ஃபீல்டாகப் பக்க எண்ணையும் சேர்க்கலாம். அச்சில் படிப்பவருக்கு அது பெரிய உதவி. எண்ணைக் காட்டுவதில் மூன்று வகை உண்டு, அவற்றில் இரண்டைக் கவனியுங்கள். சாதாரண வகை, நாம் எங்கிருந்து சுட்டுகிறோம் என்பதைப் பார்த்து எண்ணின் மேல்நிலைகளை விட்டுவிடக்கூடும். பிறகு அந்தப் பத்தி வேறு அத்தியாயத்துக்கு நகர்ந்தால் காட்டும் எண்ணின் நீளமும் மாறும். முழுச் சூழலோடு எண் என்ற வகையைத் தேர்ந்தால் எங்கிருந்து பார்த்தாலும் முழு எண் வரும். சட்ட ஆவணம், விதித்தொகுப்பு எழுதுவோர் அதையே எடுக்க வேண்டும்.

இனி உடைதல். இலக்கு அழிந்துவிட்டால், ஃபீல்டைப் புதுப்பிக்கும்போது வேர்டு, சுட்டப்பட்ட இடம் கிடைக்கவில்லை என்ற பிழை வாசகத்தை அந்த இடத்திலேயே அச்சடித்துவிடும். ரைட்டரும் அப்படித்தான். பார்க்கவே அலங்கோலமாக இருக்கும். தடித்த எழுத்தில் பிழை என்று ஆவணத்தின் நடுவில் நிற்பதைப் பார்த்துப் பலர் பயந்து, கிராஸ் ரெஃபரன்ஸையே கைவிட்டுவிடுகிறார்கள். நான் இதை அப்படியே எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அந்த வாசகம்தான் இந்த வழியின் மிகப் பெரிய நன்மை. தேடல் பெட்டியில் தட்டினால் எல்லாப் பிழைகளும் வரிசையாகக் கிடைக்கும். வெளியிடுவதற்கு முன் சரிசெய்துவிடலாம். சத்தமில்லாமல் தவறான பிரிவுக்குப் போகும் அழகான நீல நிற இணைப்பைவிட இது எவ்வளவோ மேல்.

குறைகளும் இருக்கின்றன, மறைக்கத் தேவையில்லை. முதலாவது, வேர்டில் ஃபீல்டு உடனுக்குடன் புதுப்பித்துக்கொள்ளாது. கன்ட்ரோல் ஏ, பிறகு எஃப்9 அழுத்த வேண்டும். அப்படிச் செய்தாலும் உடற்பகுதி மட்டுமே புதுப்பிக்கப்படும். அடிக்குறிப்பு, பக்கத்தின் உச்சியில் வரும் தலைப்பகுதி, டெக்ஸ்ட் பாக்ஸ் ஆகியவற்றுக்குள் தனியே போய் அழுத்த வேண்டும். ரைட்டரில் எஃப்9 போதும், அல்லது டூல்ஸ் மெனுவில் எல்லாவற்றையும் புதுப்பிக்கும் கட்டளை இருக்கிறது. இரண்டாவது, தலைப்பின் முதல் எழுத்துக்கு முன்னால் கர்சரை வைத்துத் தட்டினாலோ, அங்கே என்டர் அழுத்திப் புதுத் தலைப்பை உருவாக்கினாலோ வேர்டின் மறைவான புக்மார்க் இடம் பிசகிவிடக்கூடும். பிறகு ஃபீல்டு பாதிச் சொற்களைக் காட்டும், அல்லது பக்கத்துப் பத்தியையும் சேர்த்து இழுத்துவரும். புதுத் தலைப்பு வேண்டுமென்றால் முந்தைய பத்தியின் முடிவில் என்டர் அழுத்தித் தொடங்குங்கள். பழைய தலைப்பைத் திருத்தும்போது நடுவிலிருந்து திருத்துங்கள். மூன்றாவது, கிராஸ் ரெஃபரன்ஸ் நீல நிறத்திலோ அடிக்கோட்டோடோ தெரியாது. அது சொடுக்கக்கூடியது என்று படிப்பவருக்குத் தெரியாமல் போகலாம். ஒரு கேரக்டர் ஸ்டைல் (எழுத்தின் நிறம், அடிக்கோடு போன்றவற்றைத் தொகுத்த வடிவமைப்பு) உருவாக்கி எல்லாக் கிராஸ் ரெஃபரன்ஸுக்கும் கொடுத்தால் தீர்ந்தது. வேர்டில் செருகும்போது ஹைப்பர்லிங்க்காகச் செருகு என்ற தேர்வு டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் சேர்த்தால்

அதிகம் பேருக்குத் தெரியாத நடுவழி ஒன்று உண்டு. நாமே பெயர் வைத்த புக்மார்க்கைத் தலைப்பில் வைத்துவிட்டு, கிராஸ் ரெஃபரன்ஸ் பெட்டியில் வகை என்ற இடத்தில் தலைப்புக்குப் பதிலாகப் புக்மார்க்கைத் தேர்ந்தெடுப்பது. காட்ட வேண்டியதாக எண்ணைக் கேட்கலாம். வேர்டும் ரைட்டரும் இரண்டுமே இதை அனுமதிக்கின்றன. பெயர் நம்முடையது, எண் தானாக மாறும், உடைந்தால் பிழை வாசகம் வரும். பல ஆண்டு வாழப்போகும், பல கைகள் மாறப்போகும் ஆவணத்தில், முப்பது இடங்களிலிருந்து சுட்டப்படும் முக்கியமான பிரிவுகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. எல்லாத் தலைப்புக்கும் இப்படிச் செய்ய உட்கார்ந்தால் நாள் போய்விடும். முக்கியமான பத்துப் பன்னிரண்டு இலக்குகளுக்குச் செய்தால் போதும்.

செய்யக்கூடாததும் ஒன்று: பொருளடக்கத்துக்காக வேர்டு தானே வைக்கும் மறைவான புக்மார்க்குகளை நம் இணைப்புக்கு இலக்காக எடுப்பது. புக்மார்க் பெட்டியில் மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால் அவை பட்டியலில் வரும், கைக்கு வசதியாகவும் தெரியும். ஆனால் அவை பொருளடக்கத்தின் சொத்து. பொருளடக்கத்தை முழுமையாகப் புதுப்பிக்கும்போது அவற்றின் பெயர் மாறிவிடலாம்.

எதை எப்போது

நான்கைந்து பக்கச் சுற்றறிக்கை, ஒருமுறை அனுப்பிவிட்டு மறந்துவிடப்போவது: நேரடி ஹைப்பர்லிங்க் தாராளமாகப் போதும். இன்னும் திருத்தத்தில் இருக்கும் ஆய்வேடு, கையேடு, திட்ட அறிக்கை: எண் காட்டும் இடங்களிலெல்லாம் கிராஸ் ரெஃபரன்ஸ். ரைட்டரில் எழுதுபவர் என்றால் நேரடித் தலைப்பு இணைப்பை இந்த வகை ஆவணத்தில் பயன்படுத்தவே வேண்டாம் என்பேன். வலைப் பக்கமாகவும் மாறப்போகிற ஆவணத்தில், எண்ணைக் காட்டாத சொற்களின் மேல் இணைப்பு வைத்து, அதைப் பெயர் வைத்த புக்மார்க்குக்குக் கொடுங்கள். எண்கள் அந்த மாற்றத்தில் தொலைந்தாலும் வாக்கியம் நிற்கும்.

கூட்டாக எழுதும்போது இன்னொரு கேள்வியும் வரும்: எல்லோருக்கும் இது தெரியுமா? ஒருவர் ஃபீல்டு போட, மற்றவர் அதன் மேலேயே எண்ணைத் தட்டி மூடிவிட்டால், அந்த எண் சாதாரண எழுத்தாகிவிடும். அடுத்த புதுப்பிப்பில் அது மாறாது, பிழையும் காட்டாது. ஆகவே குழுவில் ஒருவரிடம் கிராஸ் ரெஃபரன்ஸ்களின் பொறுப்பைக் கொடுத்துவிடுவது நல்லது. மற்றவர்கள் "இங்கே நிறுவும் முறையைச் சுட்ட வேண்டும்" என்று கமெண்ட் மட்டும் போட்டால் போதும்.

ஏற்கெனவே உடைந்திருக்கும் ஆவணம்

முழுவதையும் ஒரே மூச்சில் மாற்ற முயல வேண்டாம். வேர்டில் எல்லா ஃபீல்டுகளையும் புதுப்பித்துவிட்டு, பிழை வாசகத்தைத் தேடி முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். அவை சுலபமானவை. பிறகு ஆல்ட் எஃப்9 அழுத்தினால் ஃபீல்டுகளெல்லாம் தங்கள் குறியீட்டோடு திறந்துகொள்ளும். அந்த நிலையில் "பிரிவு" என்ற சொல்லைத் தேடிக்கொண்டே போனால், பக்கத்தில் குறியீடு இல்லாமல் வெறும் எண்ணாக நிற்பவை பளிச்சென்று தெரியும். ஆபத்தானவை அவைதான். ஒவ்வொன்றிலும், எழுதியவர் எந்தப் பிரிவை மனத்தில் வைத்திருந்தார் என்பதை வாக்கியத்தின் பொருளை வைத்தே தீர்மானிக்க வேண்டும். இதை எந்த மென்பொருளும் நமக்காகச் செய்யாது. சந்தேகம் வந்தால் ஆவணத்தின் பழைய பதிப்பைத் திறந்து, அப்போது அந்த எண்ணில் எந்தத் தலைப்பு இருந்தது என்று பாருங்கள்.

ரைட்டரில் எஃப்5 அழுத்தினால் வரும் நேவிகேட்டரில் ஹைப்பர்லிங்குகள் என்று ஒரு பிரிவு உண்டு. ஆவணத்தில் உள்ள எல்லா இணைப்பும் அங்கே வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றாகப் போய், முகவரியில் எண்ணும் தலைப்பும் எழுதப்பட்டிருப்பவற்றைக் கிராஸ் ரெஃபரன்ஸாக மாற்றலாம். ஒரே பெயரில் பல தலைப்புகள் இருந்தால் அவற்றைச் சுட்டும் இணைப்புகளிலிருந்து தொடங்குங்கள்.

கடைசியாக பிடிஎஃப். இவ்வளவு உழைத்து நிலைப்படுத்திய இணைப்புகள் இந்த ஒரு படியில் மொத்தமாகப் போய்விடலாம். பிரின்ட் பெட்டியில் பிடிஎஃப் பிரின்டரைத் தேர்ந்து அச்சிட்டால் காகிதத்தில் விழுவது மட்டுமே கோப்பில் விழும், இணைப்புகள் வராது. சேமி அல்லது ஏற்றுமதி வழியாகவே பிடிஎஃப் எடுக்க வேண்டும். மேக் கணினியில் வேர்டு, மின்னணுப் பயன்பாட்டுக்கா அச்சுக்கா என்று கேட்கும். மின்னணுப் பயன்பாட்டைத் தேர்ந்தெடுங்கள். ஃபீல்டுகளைப் புதுப்பிப்பது, பிழை வாசகத்தைத் தேடுவது, பிறகு ஏற்றுமதி என்ற வரிசையில் செய்யுங்கள். பிடிஎஃப் வந்ததும் முன்பகுதியிலிருந்து பின்பகுதிக்கு ஒன்று, பின்பகுதியிலிருந்து முன்பகுதிக்கு ஒன்று, அடிக்குறிப்புக்குள்ளிருந்து ஒன்று என இணைப்புகளைச் சொடுக்கி, போய்ச் சேரும் தலைப்பின் எண்ணும் வரியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கோப்பை அனுப்புங்கள்.